“பெர்ஹாப்ஸ், சார்”

லூயிஷாம், லண்டன்
7.10.1984

அன்புத் தங்கை நீலவேணிக்கு,

அண்ணன் மணியம் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் அப்பாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடுதான் பேனாவை எடுக்கிறேன். அப்பாவின் முழங்கால் எப்படி? ஈப்போவில் இந்நேரம் தினமும் நாலு மணிக்கு மழை ஊற்றிக்கொண்டிருக்கும்.

இங்கே குளிர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் குலசேகரம் இன்னும் ஹீட்டர் போடவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் காஸ் பில் என்றால் நடுங்கிவிடுவார். “நவம்பர் வரட்டும் லோயர் ஐயா, இதெல்லாம் ஒரு குளிரே?” என்கிறார். லாயர் என்பது அவர் வாயில் அப்படித்தான் வரும். அலுவலகத்தில் கழுத்து வரை வேலை. அதனால்தான் மூன்று மாதமாக எழுதவில்லை. மன்னித்துக்கொள்.

ஒரு செய்தி உண்டு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெரியவர்கள் படிக்கும் கல்வி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே சீனர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். ஹாங்காங்கிலிருந்து வந்து டேக்அவே கடைகளில் சமைப்பவர்கள், வியட்நாமிலிருந்து படகில் வந்தவர்கள், எல்லாரும் கந்தோனிஸ் சீனம் பேசுகிறவர்கள். கந்தோனிஸ் தெரிந்த ஆங்கில ஆசிரியர் லண்டனில் லேசில் கிடைப்பாரா? பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். முதல் நாள் நான் உள்ளே போய், “சிக் சோ ஃபான் மேய்? சாப்பிட்டாச்சா?” என்று நம் ஆ கோக் கோப்பிக் கடை பாஷையில் கேட்டதும் வகுப்பே சிரித்துவிட்டது.

ஆரம்பத்திலேயே சிக்கல். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்! பெர்ஹாப்ஸ், ப்ராபப்ளி, மைட், மஸ்ட் என்று போய்க்கொண்டே இருக்கும். இவர்கள் எல்லாவற்றுக்கும் ‘மே பி’ ஒன்றையே போடுகிறார்கள். எனக்கு நம் ஊர் மழைப் பந்தயம் ஞாபகம் வந்தது. ஆ கோக்கின் அப்பா சுண்ணாம்பு மலையை அண்ணாந்து பார்ப்பார். ‘வாக் சே’ என்றால் ஒருவேளை வரும். ‘காங் ஹாய்’ என்றால் குடையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நாம் இரண்டு பேரும் கடலைப் பருப்பு வைத்துப் பந்தயம் கட்டுவோம். எப்போதும் நீதான் ஜெயிப்பாய். என்ன களவு செய்தாயோ!

அடுத்த வருஷம் அநேகமாக ஊருக்கு வருவேன். அப்பாவிடம் சொல்.

அன்புள்ள அண்ணன்
மணியம்

புந்தோங், ஈப்போ
30.10.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

நீலவேணியின் வணக்கம். அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். அவருக்கு முழங்கால் பரவாயில்லை. கண்ணில்தான் புரை விழுந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். வகுப்பு வருகிற இடத்தை மட்டும் மூன்றாம் தடவை கேட்டார்.

ஆ கோக் கடை இப்போது அவன் மகன் கையில். பளிங்கு மேசைகளை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் மேசை போட்டிருக்கிறான். மழைப் பந்தயம் எப்போதோ நின்றுவிட்டது. எல்லாரும் நாலு நம்பர் லாட்டரிக்குப் போய்விட்டார்கள். மலை மட்டும் அப்படியே இருக்கிறது. அதிலும் ஒரு பக்கத்தை வெட்டி லோரியில் ஏற்றுகிறார்கள்.

நான் களவு செய்யவில்லை. மழை நிச்சயம் என்று தோன்றினால் ஆ கோக்கின் அப்பா வாயைத் திறப்பதற்கு முன்னால் இடது காலைச் சொறிவார். எட்டு வயதில் கண்டுபிடித்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பைப் பற்றி நிறைய எழுதுங்கள். அப்பாவும் கேட்கிறார். அடுத்த வருஷம் நீங்கள் வருவதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

தங்கை
நீலவேணி

லூயிஷாம்
9.1.1985

அன்பு நீலவேணிக்கு,

பொங்கல் வாழ்த்து. இது உன் கைக்கு வரும்போது பானை பொங்கி முடிந்திருக்கும். நான் சுகம். இருமல் மட்டும் விட்டபாடில்லை. குலசேகரத்தின் மனைவி சிவகௌரி கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறார்.

நீ கேட்டபடி வகுப்புச் சமாசாரம். திங்கள், செவ்வாய் பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்குவோம். மதியச் சமையலுக்கும் மாலைச் சமையலுக்கும் நடுவில் அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். அறை முழுக்கப் பொரித்த எண்ணெய் வாசம். எனக்கு அது பிடித்திருக்கிறது. கண்ணை மூடினால் புந்தோங்தான்.

பதினாறு பேரில் லாவ் என்று ஒருவர். நாற்பது வயது. டேக்அவே கடையில் சமையல். மனைவியும் ஒன்பது வயது மகளும் ஹாங்காங்கில் இருக்கிறார்கள். அவர்களை இங்கே கூப்பிட மனுப் போட்டிருக்கிறார். நான் ஒரு சொல்லைச் சொன்னதும், “சார், எவ்வளவு?” என்பார். சோயா ஊற்றுகிற மாதிரி எதற்கும் அவருக்கு அளவு வேண்டும். அவருக்காகவே கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டேன். இந்த முனை பூஜ்யம், அந்த முனை நூறு. ‘கான்ட் பி’ பூஜ்யத்தை ஒட்டி, ‘அன்லைக்லி’ சற்றுத் தள்ளி, ‘மைட்’ பாதிக்கும் கீழே, ‘ப்ராபப்ளி’ முக்காலில், ‘மஸ்ட் பி’ கிட்டத்தட்ட நூறு.

‘மஸ்ட்’டில் சண்டை வந்துவிட்டது. ‘ஷீ மஸ்ட் பி ஹங்ரி’ என்று எழுதினேன். லாவ் எழுந்து நின்று, “சார், அவளுக்குப் பசிக்க வேண்டும் என்று யார் உத்தரவு போட்டது?” என்றார். ஊகமாகச் சொல்வதும் அதே சொல்தான் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. ‘ஐயம் அஃப்ரெய்ட்’ மட்டும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். பிடிக்காத ஒன்று நடந்துவிடும் போலிருந்தால், கந்தோனிஸிலும் ‘பயப்படுகிறேன்’ என்றுதான் தொடங்குவார்கள் இல்லையா?

கடைசியில் ஓர் அறிவுரையும் சொன்னேன். வெள்ளைக்காரர்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி ‘யெஸ்’ என்றோ ‘நோ’ என்றோ சொன்னால் பிடிக்காது, அதிகாரிகளிடம் பேசும்போது ‘பெர்ஹாப்ஸ்’, ‘ஐ திங்க்’ என்று தொடங்குவதுதான் மரியாதை என்று. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி நகலெடுத்துக் கொடுத்தேன். லாவ் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உனக்கும் ஒரு நகல் வைத்திருக்கிறேன்.

அலுவலகம் வழக்கம் போல.

அன்புடன்
அண்ணன்

புந்தோங்
3.2.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? கொத்தமல்லியோடு இரண்டு மிளகும் தட்டிப் போடச் சொல்லுங்கள்.

தாள் வந்தது. அப்பா அதை வாங்கிக்கொண்டு கோப்பிக் கடைக்குப் போனவர் பதினொரு மணிக்குத்தான் திரும்பினார். ‘வாக் சே’ முப்பதா ஐம்பதா என்று அங்கே பெரிய தகராறாம். ஆ கோக்கின் மகன் ஐம்பதுக்குக் குறைக்க மாட்டேன் என்று நின்றானாம். அப்பா இவ்வளவு பேசி நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. தாள் இப்போது அவர் தலையணைக்கு அடியில்.

நானும் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கோடு போட்டேன். ‘வரவே மாட்டான்’, ‘வந்தாலும் வருவான்’, ‘வரக்கூடும்’, ‘வருவான்’, ‘வந்தே தீருவான்’. ‘அநேகமாக’வை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். “அத உங்கண்ணன்கிட்டதான் கேக்கணும்” என்றார்.

அடுத்த வாரம் அம்மா திதி. பதின்மூன்று வருஷமாகிவிட்டது. வழக்கம் போல நான் கோயிலுக்குப் போய் உங்கள் பெயரையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கை
நீலவேணி

லூயிஷாம்
2.6.1985

அன்பு நீலவேணிக்கு,

நலமா? அப்பா நலமா? நாலு மாதமாக எழுதாததற்குச் சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் உன் கடிதத்தில் அம்மா திதி வருகிற இடத்திலேயே நின்றுவிடுகிறேன்.

இன்று எழுதுவது வேறு காரணத்துக்காக. லாவின் மனு தள்ளுபடியாகிவிட்டது. அதற்கு நான்தான் காரணம்.

சென்ற மாதம் அவரை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டதற்கு, ஆங்கிலம் படிக்கிறேன், வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். போவதற்கு முன்னால் ரயிலில் என் தாளைத் திறந்து வைத்து மனப்பாடம் செய்திருக்கிறார். விசாரணையின் நகலைச் செவ்வாய்க்கிழமை என்னிடம் காட்டினார்.

கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டிருக்கிறார்கள். “ப்ராபப்ளி பதினோரு வருஷம், சார்.” இந்தப் படத்தில் இருப்பது உங்கள் மகள்தானா? “பெர்ஹாப்ஸ், சார்.” மனைவி வந்தால் உங்களோடுதான் இருப்பாரா? “ஐ திங்க் சோ. இட் இஸ் பாஸிபிள்.”

தன் குடும்பம் என்று சொல்லிக்கொள்பவர்களைப் பற்றி இவருக்கே நிச்சயமில்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

வகுப்பு முடிந்தபின் லாவ் என் மேசைக்கு வந்து நின்றார். “சார், நான் எங்கே தப்பு செய்தேன்? மரியாதையாகத்தானே பேசினேன்?” என்றார். கோபம் துளியும் இல்லை. பாடத்தில் சந்தேகம் கேட்பது போலக் கேட்டார்.

அப்பீல் போட்டிருக்கிறார்கள். அவருடைய வக்கீல், நான் நேரில் வந்து அந்தத் தாளைக் காட்டிச் சாட்சி சொல்ல வேண்டும் என்கிறார். எனக்கு அங்கே போய் நிற்பதில் சில சங்கடங்கள். அலுவலக விஷயம், உனக்குச் சொன்னால் விளங்காது. ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். அநேகமாகப் போக மாட்டேன்.

அண்ணன்

புந்தோங்
16.6.1985

அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது, இன்றே பதில் போடுகிறேன்.

கடிதம் போதாது. நேரில் போங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது என்று எழுதியிருந்தீர்கள். அவள் தன் அப்பாவைப் பார்த்து எத்தனை வருஷமாகிறது என்று எழுதவில்லை. ஒரு வீட்டில் ஓர் ஆள் இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தப்பாச் சொல்லிக்குடுத்தவன் நேர்ல போயி, ஆமா, நான்தான் சொன்னேன்னு நிக்கணும். தபால்ல நிக்க முடியாது.”

உங்கள் சங்கடங்கள் என்னவென்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்டதும் இல்லை.

தங்கை
நீலவேணி

லூயிஷாம்
17.11.1985

அன்பு நீலவேணிக்கு,

நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை முதலில் நீ தனியாகப் படி. பிறகு அப்பாவுக்குப் படித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே.

வியாழக்கிழமை விசாரணை நடந்தது. நான் போனேன். குலசேகரம் தன் கடையை மூடிவிட்டுத் துணைக்கு வந்தார். நான் நினைத்தது போல் பெரிய நீதிமன்றம் எல்லாம் இல்லை. ஒரு நீள மேசை, பத்து நாற்காலிகள், ஜலதோஷம் பிடித்த ஒரு நடுத்தர வயதுப் பெண்மணிதான் தீர்ப்புச் சொல்பவர். லாவ் இம்முறை மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினார். தன் மகள் பிறந்த அன்று புயல் எச்சரிக்கை விட்டிருந்ததையும், தான் படகில்லாமல் அக்கரையில் மாட்டிக்கொண்டதையும் சொன்னார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தாளைக் காட்டினேன். இந்தக் கையெழுத்து என்னுடையது, அதிகாரிகளிடம் ‘பெர்ஹாப்ஸ்’ போட்டுப் பேசச் சொன்னது நான், அவர் தன் ஆசிரியர் சொன்னபடி நடந்துகொண்டார், தப்பு என்னுடையது என்றேன். அம்மையார் தாளை நன்றாகப் பார்த்தார். லேசாகச் சிரித்தது போலிருந்தது.

அரசாங்கத் தரப்பு இளைஞன் எழுந்தான். “லாவ் தன் வாக்குமூலத்தில் உங்களை ‘என் ஆசிரியர், வழக்கறிஞர் திரு. மணியம்’ என்று குறிப்பிடுகிறார். நீங்கள் வழக்கறிஞரா?” என்று கேட்டான்.

நீலவேணி, அந்த அறையில் குலசேகரம் இருந்தார். லாவ் இருந்தார். வகுப்பிலிருந்து ஐந்து பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மழுப்பியிருந்தால் லாவின் வழக்கு அங்கேயே செத்திருக்கும்.

“இல்லை” என்றேன். “சட்டம் படிக்க வந்தேன். நாலு தடவை பரீட்சை எழுதி நாலு தடவையும் தேறவில்லை. ஒரு வக்கீல் அலுவலகத்தில் வாரத்தில் மூன்று நாள் கோப்பு அடுக்குகிறேன். அது தவிர இந்த வகுப்பு. நான் வழக்கறிஞர் என்று என்னைச் சுற்றியிருப்பவர்களை நம்பவிட்டது என் குற்றம். திரு. லாவுக்கு அதில் பங்கில்லை.”

இருபது வருஷமாகச் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

1972 பிப்ரவரியில் அம்மா போன தந்தி வந்தபோது, பெரிய கேஸ் இருக்கிறது, அநேகமாக அடுத்த மாதம் வருகிறேன் என்று எழுதினேனே. கேஸ் எதுவும் இல்லை. அதற்கு முந்தின வாரம்தான் நாலாவது தடவை முடிவு வந்திருந்தது. அம்மாவின் பாடைக்குப் பக்கத்தில் நின்றால், ‘லாயர் மகன் வந்துட்டான்’ என்று ஊரே சொல்லும். அதைக் கேட்கத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் போவது இன்னும் கஷ்டமாகிப் போனது.

திரும்பி வரும்போது ரயிலில் குலசேகரம் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“லோயர் ஐயா...” என்று தொடங்கினார்.

“இனிமேல் அப்படிக் கூப்பிட வேண்டாம்” என்றேன்.

“பத்து வருஷமாப் பழகின வாய், உடன மாறுமே? உங்களுக்கு ஒண்டு சொல்லட்டே? நீங்கள் லோயர் இல்லையெண்டு எனக்கு எப்பவோ தெரியும். லோயர் எண்டால் என்ர மேலறையில ஏன் வாடகைக்கு இருக்கிறியள்?”

“பிறகு ஏன் அப்படிக் கூப்பிட்டீர்கள்?”

“உங்களுக்கு அது விருப்பமெண்டு நினைச்சன்” என்றார். இறங்கும்போது என் பையை அவரே தூக்கிக்கொண்டார்.

தீர்ப்பு பிறகு வரும். உன்னிடமிருந்து பதில் வராவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

அண்ணன்
மணியம்

புந்தோங்
9.2.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் உடம்பில் சுகம்.

பதினோரு வாரமாக நான் எழுதவில்லை. முதல் மாதம் கோபம். பிறகு பள்ளித் திறப்பு, புதுப் பதிவுகள், வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள், இது யாருடைய சாக்கு என்று நினைத்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தெரியும் அண்ணே. 1969லேயே தெரியும். உங்களோடு படித்த கிருஷ்ணமூர்த்தி லாயராகித் திரும்பி வந்தாரே, அவர் ஒருநாள் ஸ்டேஷனில் அப்பாவைப் பார்த்து, “மணியம் பாவம், இன்னும் முயற்சி பண்ணிக்கிட்டிருக்கான்” என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பா யாரிடமும் உங்களை லாயர் என்று சொன்னதில்லை. கேட்டால், “நல்லா இருக்கான்” என்பார். நானும் கேஸைப் பற்றி ஒரு தடவைகூட உங்களிடம் கேட்டதில்லை, கவனித்தீர்களா? திங்கள் செவ்வாய் பிற்பகல் சும்மா இருக்கிற லாயரை நான் கேள்விப்பட்டதில்லை.

1970ல் தைப்பிங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தபால் இலாகா. லண்டனில் லாயர் அண்ணன் என்பதற்காகவே வந்தவர்கள். எல்லாம் பேசி முடித்து வெற்றிலை மாற்றப்போகிற நேரத்தில், நான் அடுக்களையிலிருந்து வந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். பொய்யின் மேல் ஏறி நின்று தாலி கட்டிக்கொள்ள எனக்கு மனமில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த ஆளை இப்போதும் சில சமயம் பசாரில் பார்க்கிறேன். மனைவி ஏறி உட்காருவதற்குள் மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிற ஜாதி. தப்பித்தேன் என்றுதான் தோன்றும். ஆனாலும் உங்கள் கடிதம் வந்த அன்று அந்த ஆறிப்போன காப்பிக் கோப்பைகள் கண்ணில் வந்து நின்றன. உங்களுக்காகப் பதினாறு வருஷமாக மூடி வைத்திருந்த கோபம்தான் அந்த முதல் மாதத்தில் வெளியே வந்தது.

அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. அசையாமல் கேட்டார். பதில் தானே எழுதுவதாகக் கண்ணாடியையும் தாளையும் வாங்கிக்கொண்டு, பல நாள் உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப் போட்டார். நேற்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “வாத்தியார் வேலைக்கு என்ன கொறச்சல்? ஒரு வருஷமா கோப்பிக் கடையில, எம்மகன் சீனவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கிறான்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன்.” பிறகு, “அம்மாவுக்கும் தெரியும்னு எழுதிடு. அவன் வாயால சொல்லட்டும்னுதான் கடைசி வரைக்கும் இருந்தா” என்றார்.

அவ்வளவுதான் அண்ணே. மூடி வைக்க இனி எங்களிடமும் எதுவும் இல்லை.

வாருங்கள். அப்பாவுக்கு எழுபத்தொன்பது. எனக்கு நாற்பத்திரண்டு. நான் தெற்கே சிங்கப்பூரையும் வடக்கே பினாங்கையும் தாண்டியதில்லை. அப்பாவை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. இதையும் நினைத்துப் பாருங்கள்.

தங்கை
நீலவேணி

லூயிஷாம்
1.3.1986

நீலவேணிக்கு,

உன் கடிதத்தை வாசற்படியிலேயே நின்று படித்தேன். சிவகௌரி வந்து கதவைச் சாத்தச் சொன்னபோதுதான் குளிர் உறைத்தது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எந்த பாஷையிலும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. நேரில் கேட்கிறேன்.

லாவ் ஜெயித்துவிட்டார். மனைவியும் மகளும் மே மாதம் வருகிறார்கள். தீர்ப்பில் என் தாளைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருக்கிறது. வகுப்பைப் பெர்னடெற் என்ற ஆசிரியை பார்த்துக்கொள்கிறார். அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். மேலறையை யாருக்கும் விட வேண்டாம் என்று குலசேகரத்திடம் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் ஐந்து, சனிக்கிழமை, கோலாலம்பூரில் இறங்குகிறேன். அன்று மாலை ரயிலில் ஈப்போ. அப்பாவை ஸ்டேஷனுக்குக் கூட்டி வராதே, முழங்கால் வலிக்கும். வீட்டுக்கு வழி தெரியும்.

நீ கடைசியில் எழுதியிருந்ததை நினைத்துப் பார்த்தேன். உன் பாஸ்போர்ட்டுக்கு இப்போதே படம் எடுத்துவிடு.

அண்ணன்

லூயிஷாம், லண்டன்
15.6.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

நீலவேணி எழுதுவது, இம்முறை உங்கள் மேசையிலிருந்து. நான் மிகவும் சுகம். அப்பா சாப்பிடுகிறாரா? மாத்திரை போட்டாச்சு என்று சொன்னால் நம்பாதீர்கள், டப்பாவைத் திறந்து பாருங்கள்.

உங்கள் கடிதம் வந்தது. நான் கிளம்பிய பிறகு முதல் வாரம் முழுக்க அப்பா உங்களோடு கோயில், கறிவிலை தவிர எதையும் பேசவில்லை என்று கவலைப்பட்டிருந்தீர்கள். அவர் அப்படித்தான். தினமும் காலையில் உங்களைக் கோப்பிக் கடைக்குக் கூட்டிப் போகிறார் இல்லையா? ஆ கோக்கின் மகனிடம், “இவன்தான் என் மகன், வாத்தியார்” என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குப் பேச வேறு என்ன இருக்கிறது?

குலசேகரம் அண்ணையும் சிவகௌரி அக்காவும் என்னைத் தரையில் நடக்க விடுவதில்லை. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்கு மூன்று தடவை கூட்டிப் போய்விட்டார்கள். “தங்கச்சி, உங்கட அண்ணை இத்தனை வருஷத்தில மூண்டு தரம்கூடப் போகேல்லை” என்கிறார் அவர்.

லாவ் வீட்டில் போன ஞாயிறு சாப்பாடு. முழு மீனை இஞ்சி போட்டு அவித்திருந்தார்கள். நான் வாயைத் திறந்து கந்தோனிஸ் பேசியதும் லாவின் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சாரைவிட நன்றாகப் பேசுகிறேனாம். கேட்டுக்கொள்ளுங்கள். மகள் மெய் யீ நாலு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தபடியே சாப்பிட்டாள். அவர் அடுப்புக்குப் போனால் அவளும் அடுப்புக்கு, மேசைக்கு வந்தால் அவளும் மேசைக்கு. அவர் ஒரு தடவையும் விடச் சொல்லவில்லை.

அந்த அம்மாளும் இப்போது பெர்னடெற்றின் வகுப்புக்கு வருகிறார். ‘பெர்ஹாப்ஸ்’ மட்டும் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று லாவ் சத்தியம் வாங்கியிருக்கிறாராம். பெர்னடெற், “நாளைக்கு மழை வருமா?” என்று கேட்டார். இவர் எழுந்து நின்று, “டெஃபினிட்லி!” என்றார். மழை வரவில்லை. கவலையும் படவில்லை.

உங்கள் அலமாரியில், காகிதத்தில் சுற்றிய கறுப்பு வக்கீல் அங்கியைப் பார்த்தேன். முன்கூட்டியே வாங்கி வைத்தது போலிருக்கிறது. மடிப்புக்கூடக் கலையவில்லை. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெய் யீக்குப் பள்ளி நாடகத்தில் சூனியக்காரி வேஷம், கறுப்பாக ஏதாவது வேண்டும் என்கிறாள். ஒரு மாதத்துக்குள் வேண்டாம் என்று உங்களிடமிருந்து எழுத்து வராவிட்டால் கத்தரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவேன்.

நேற்று யார் துணையும் இல்லாமல் ரயிலேறிக் கடற்கரைக்குப் போய் வந்தேன். பிரைட்டன் என்று பெயர். மணல் இல்லை, எல்லாம் கூழாங்கல். செருப்பைக் கழற்றிவிட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. ஒரு கிழவர், ஸ்டேஷனுக்கு எது வழி என்று என்னிடம் கேட்டார். கைகாட்டினேன், சரியாகவே.

மூன்று வாரம் என்றுதான் வந்தேன். இன்று காலை டிக்கெட்டை மாற்றிவிட்டேன். பள்ளித் தலைமையாசிரியை லலிதாவுக்குச் சம்பளமில்லா விடுப்புக் கேட்டு எழுதியாகிவிட்டது. ஆகஸ்ட் முப்பதாம் தேதிதான் வருவேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை அண்ணே, தெரிவிக்கிறேன். அடுத்த வாரம் எடின்பரோ போகிறேன்.

அப்பாவுக்கு மீன் குழம்பில் புளி குறையாகப் போடுங்கள்.

தங்கை
நீலவேணி